கம்ப்யூட்டருக்கென்று சொன்ன பேட்டரி

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கரண்ட் போனது. அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

2. அப்பாவின் ஆக்ஸிஜன் மிஷின் நின்றது. நின்றால் கத்தும்படி செய்யப்பட்ட மிஷின் அது, கத்தியது.

3. அம்மா அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் இருந்த இன்வர்ட்டரில் செருகினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு தப்பும் இல்லாமல்.

4. மிஷின் ஓடியது. அம்மா என் ஆபீஸுக்கு ஃபோன் செய்து, "ஓடுது கண்ணு, நீ வெசனப்படாதே" என்றாள். நான் மீட்டிங்குக்குப் போனேன்.

5. சற்று நேரத்தில் இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. மிஷின் மறுபடி நின்றது.

6. அம்மா சின்ன சிலிண்டரை மாட்டினாள். டாக்டரிடம் போய்வரும்போது கூட எடுத்துப்போவதற்கென்று வைத்திருந்தது. அதில் பாதிதான் இருந்தது.

7. அதுவும் தீர்ந்தது. கரண்ட் வரவில்லை. ஆபீஸில் என் மேஜையில் ஃபோன் அடித்தது. எடுக்க அங்கே ஆள் இல்லை.

8. மாடி வீட்டு ஆன்ட்டி இறங்கி வந்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

9. நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கரண்ட் வந்திருந்தது. எல்லா லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

இந்த ஒன்பதில் ஐந்தாவது நடந்திருக்கக் கூடாது. அது நடக்கவே முடியாதபடி எல்லாம் செய்திருந்தேன். செய்திருந்ததாக நினைத்தேன்.

அது இரண்டாயிரத்து ஒன்று, பொங்கல் முடிந்த வாரம். குபெர்டினோவில் ஒரு அபார்ட்மென்ட்டின் தரைத்தளத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, நான். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சான்டா கிளாராவில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர்களுக்குள் வைக்கும் பவர் சப்ளைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. எது, எந்த நிலைமையில், எப்படிக் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அப்பாவும் அம்மாவும் பல்லடத்திலிருந்து ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருந்தார்கள். மகள் இருக்கிற ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தாலும், அம்மாவின் பெட்டியில் மஞ்சள் தூளுக்கும் முருங்கைக்கீரைப் பொடிக்கும் நடுவில் நான்கு மாப்பிள்ளை ஃபோட்டோக்கள் இருந்தன. அப்பா பஞ்சு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சைப் பிரித்து உதறிச் சுத்தம் செய்யும் புளோ ரூமில் சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் அப்பா இருமினால்தான் விடிந்தது என்று அர்த்தம். அந்த இருமலை நாங்கள் யாரும் வியாதி என்று எண்ணியதில்லை.

வந்த மூன்றாம் மாதம் அவருக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் அது சரியாகி, அதற்குப் பின்னால் இருந்தது வெளியே தெரிந்தது. நுரையீரல் இரண்டும் பல வருஷமாகத் தழும்பேறிக் கெட்டியாகிவிட்டன என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். இனி இருக்கிற காலம் முழுக்க ஆக்ஸிஜன் வேண்டும். அந்தக் காலமும் அதிகமில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. "ஊருக்குப் போக முடியுமா?"

இந்தக் குளிர்காலத்தை இன்னொரு அடி விழாமல் கடந்துவிட்டால் முடியலாம் என்றார். ஆக்ஸிஜன் விடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும், சளி பிடிக்கக் கூடாது, மார்ச்சில் பரிசோதித்துப் பார்த்து நிலைமை இப்படியே இருந்தால் விமானத்தில் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு போக எழுதித் தருகிறேன் என்றார்.

ஆக, வேலை இதுதான்: அப்பாவை மார்ச் வரை இப்படியே வைத்திருப்பது. அதற்குப் பிறகு அவர் வீடு, அவர் கட்டில், வாசலில் வந்து நின்று அவரோடு மில் கதை பேசும் அவருடைய சிநேகிதர்கள். அதை அவர் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. ஆனால் தினமும் காலையில் காலண்டர் முன்னால் நின்றார்.

ஆஸ்பத்திரி பார்க்கிங் லாட்டில், காருக்குள், டாக்டர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா அழவில்லை. முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அவருகிட்டச் சொல்ல வேண்டாம்."

"அம்மா, அவரோட உடம்பும்மா அது."

"உங்க பெரியப்பாவுக்குச் சொன்னாங்களே, என்னாச்சு? சொன்ன அன்னைக்கிப் படுத்தவருதான். சீக்கு கொல்லல, சேதி கொன்னுச்சு. இவரு அவருக்கும் மேல. ஒரு தும்மலுக்கே உயில் எழுதறவரு."

"மிஷின் எதுக்குன்னு கேப்பாரே."

"சளி காயறதுக்குன்னு சொல்லு. குளுரு போனா அதுவும் போயிரும்னு சொல்லு."

நான் வாதாடவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் இப்படித்தான். நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் வியாதியின் பெயர் தெரியும். அன்று சாயங்காலம் அப்பாவிடம், சளி காய்வதற்கு என்றேன். அவர் உடனே நம்பினார். நம்ப விரும்பினாரோ என்னவோ, தெரியவில்லை.

மிஷின் ஹாலில் இருந்தது. ஒரு சின்ன அலமாரி அளவு. அறையில் இருக்கும் காற்றை இழுத்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும். கரண்ட் இல்லாவிட்டால் வெறும் பெட்டி. அதிலிருந்து ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய் படுக்கையறை வரை போகும். குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அப்பா வீடு முழுக்க நடப்பார். கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறது என்று அவரே சிரித்தார்.

வந்த நாளிலிருந்து அவருக்கு இந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு குறைதான். "ஏன் கண்ணு, இவங்க பிளக் பாயிண்டுக்கு சுவிட்சே வெக்க மாட்டாங்களா? கரண்டு சும்மாவே நின்னுட்டிருக்குமா?" சுவரில் செருகியதைப் பிடுங்குவதும் அவருக்குப் பிடிக்காது, பொறி பறக்கும் என்பார். ஊரில் தினமும் படுக்கப் போகும்முன் டிவி, மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரெகுலேட்டர் என்று வீடு முழுக்க ஒரு சுற்று வந்து எல்லா சுவிட்சையும் தட்டி அணைத்துவிட்டுத்தான் படுப்பார். இங்கே அந்தச் சுற்றுக்கு விளக்குகளைத் தவிர வேறு வேலை இல்லை.

டிசம்பரில் டிவியில் ஆரம்பித்தார்கள். மாநிலத்தில் கரண்ட் பற்றாக்குறை; ஏரியா ஏரியாவாக வெட்ட வேண்டி வரலாம்; சாயங்காலத்தில் துணி துவைக்காதீர்கள், தேவையில்லாத விளக்கை அணையுங்கள், கிறிஸ்துமஸ் அலங்கார விளக்குகளை நேரம் கழித்துப் போடுங்கள். அப்பா அதைத் தள்ளி உட்கார்ந்து கவனமாகப் பார்த்தார்.

"பாவம், இவங்களுக்கும் பவர் கட்டா?" என்றார். "மில்லுல பவர் கட்டுன்னா பாதிச் சம்பளம். உனக்குத் தெரியாது, நீ சின்னப் புள்ள. அடுத்த நாளே நானு மெயின் ஆபீஸ் வராண்டா வரைக்கும் போயி லைட்டை அணைச்சுட்டு வருவேன். அந்த ஒரு பல்புல மில்லு ஓடப்போகுதான்னு சிரிப்பானுங்க."

"இங்கயும் போயி அணைச்சுட்டு வாங்க" என்றாள் அம்மா. "ரோட்டுல எரியுது பாருங்க, வரிசையா."

"கொழாய் எட்டாதே" என்றார் அப்பா.

அந்த வாரம் நான் தயாரிப்பைத் தொடங்கினேன். பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. மின்சார பில்லின் மூலையில் எங்கள் வீடு எந்த வெட்டுக் குழுவில் வருகிறது என்று ஒரு எண் இருக்கும். அதை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். வீட்டில் மருத்துவ மிஷின் இருக்கிறது என்று மின்சாரக் கம்பெனியில் பதிந்தேன். நேரம் இருந்தால் முன்னதாகச் சொல்வோம், வெட்டாமல் விடுகிறோம் என்று சொல்ல முடியாது என்றார்கள். அது நியாயம்தான். வயரில்லாத ஃபோன் கரண்ட் போனால் செத்துவிடும் என்பதால், சுவரில் மாட்டும் பழைய மாதிரி ஃபோன் ஒன்று வாங்கினேன். ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் ஃபேனுக்குக் கரண்ட் வேண்டும். அதனால் தடித்த போர்வைகள், கம்பளி சாக்ஸ். அடுப்பும் கரண்ட்தான், அதனால் இரண்டு பெரிய பிளாஸ்கில் காலையிலேயே வெந்நீர், டப்பாவில் அவலும் பொரியும். அறைக்கு ஒரு டார்ச். மெழுகுவர்த்தி கூடாது. ஆக்ஸிஜன் ஓடும் வீட்டில் திறந்த நெருப்பு ஆகாது. அந்தக் கார்த்திகைக்கே அம்மா அகல்விளக்குகளைப் பின்பக்கப் பேட்டியோவில், அந்தத் திறந்தவெளிக் குளிரில், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏற்றியிருந்தாள்.

மாடி வீட்டு ஆன்ட்டிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். தனியாக இருந்தார், வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார். நான் காரிலிருந்து போர்வைகளை இறக்குவதைப் படிக்கட்டில் நின்று பார்த்தார்.

"என்ன பிள்ளை, கப்பல் ஏறப் போறீரோ?"

"கரண்ட் கட் பண்ணுவாங்களாம் ஆன்ட்டி."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்."

ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். "சண்டைக் காலத்திலை நாங்கள் அங்கை கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்காய் இருந்தனாங்கள். ஜாம் போத்திலுக்குள்ளை திரியைப் போட்டு, அந்த வெளிச்சத்திலைதான் நான் சோதனைக்குப் படிச்சனான். வேணுமெண்டால் சொல்லும், உமக்கும் ஒரு போத்தில் விளக்குச் செய்து தாறன்."

அப்பாவின் மிஷினைப் பற்றி அவரிடம் சொன்னேன். சிரிப்பு நின்றது. "அப்ப விளக்கு வேண்டாம்" என்றார். "என்ன வேணுமெண்டாலும் கூப்பிடும். நான் மேலைதானே இருக்கிறன்."

அம்மா பிறகு என்னிடம், "தங்கமான மனுஷி. பேசறதுதான் பாதி புரியல. ரேடியோவுல பேசற மாதிரியே பேசறாங்க" என்றாள்.

அடுத்தது பேட்டரி. சான் ஹோசேயில் படகுச் சாமான்கள் விற்கும் கடையில் வாங்கினேன். கார் பேட்டரி சட்டென்று கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். படகுக்கு வைப்பது நிதானமாக நீண்ட நேரம் கொடுக்கும். கடைக்காரர் எந்த மாதிரிப் படகு என்று கேட்டார். படகுக்கு இல்லை, அப்பாவுக்கு என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வர்ட்டர், வோல்டேஜ் காட்டும் சின்ன மீட்டர். எல்லாவற்றையும் ஹாலில், கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில், காற்றோட்டமாக வைத்தேன். சார்ஜரின் பிளக்கைக் கம்ப்யூட்டரும் மானிட்டரும் செருகியிருந்த அதே ஜங்ஷன் பாக்ஸில் செருகினேன். அந்த மூலையில் இருந்த ஒரே பாயிண்ட் அதுதான். இன்வர்ட்டரை எப்போதும் ஆனில் வைத்தேன். அவசரத்தில் அம்மா இரண்டு சுவிட்சைத் தேடக் கூடாது. ஒரு பிளக்கை மாற்றினால் போதும் என்று இருக்க வேண்டும். ஆனில் இருக்கும் இன்வர்ட்டர் சும்மா இருக்கும்போதும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தின்பதைச் சார்ஜர் நிரப்பிக்கொண்டே இருக்கும். கணக்குச் சரியாக இருந்தது.

அப்பா குழாயை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"அதென்ன கண்ணு, லாரி பேட்டரியாட்டம்?"

சமையலறை வாசலில் அம்மா நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கரண்டியைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டருக்குங்கப்பா. திடீர்னு கரண்ட் போனா ஆபீஸ் வேலை கெட்டுப்போகும்."

"இந்தச் சளி மிஷினுக்கு?"

"அது கொஞ்ச நேரம் இல்லாட்டி ஒண்ணும் ஆகாதுங்கப்பா. வேணும்னா அதையும் இதுலயே சொருகிக்கலாம்."

"அது சரி. உன்ற வேலைதான் முக்கியம்" என்றார். கையை நீட்டி ஒரு பேட்டரியைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கனம்."

அம்மாவுக்கு அப்பா தூங்கும்போது சொல்லிக்கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஷின் இழுக்கும் அதே அளவு கரண்ட் இழுக்கும்படி மேஜை விளக்குகளை மாட்டி ஓடவிட்டேன். வெட்டு நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஓடியது. திருப்தியாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றும்முன் குனிந்து மீட்டரைப் பார்ப்பேன். முள் எப்போதும் பச்சையில் நின்றது. காலையில் இருட்டோடு கிளம்பிவிடுவேன், அப்போது பார்ப்பதில்லை. சாயங்காலம் பார்த்தால் போதாதா?

அந்த வாரங்கள் மோசமானவை அல்ல. அப்பாவுக்குச் சளி பிடிக்கவில்லை. ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டினால் "எதுக்குக் கண்ணு எச்சா?" என்று குறைத்துவிடுவார். பொங்கலன்று அம்மா ரைஸ் குக்கரில் பொங்கல் வைத்தாள். பொங்கி வழிய வேண்டுமே என்று மூடியைத் திறந்து பாலை ஊற்ற, அது மேடை முழுக்க வழிந்தது. அப்பா சாப்பிட்டுவிட்டு, "அடுத்த பொங்கலுக்கு நம்ம வாசல்ல. இவளையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு வெச்சு" என்றார். அம்மா மூன்றாவது ஃபோட்டோவை எடுத்து ஃபிரிட்ஜில், வெட்டுக் குழு எண்ணுக்குப் பக்கத்தில், காந்தத்தை வைத்து ஒட்டினாள்.

"இந்தப் பையனுக்கு என்ன குறை? சொல்லு."

"மூக்கு."

"உங்கப்பனுக்கு மட்டும் என்ன மூக்காம்? நானு இருந்துட்டுப் போகலியா?"

"என்ற மூக்குக்கு என்னடி? அதான் கொழாய் மாட்டியும் அழகா இருக்குது" என்றார் அப்பா.

அந்த வாரம்தான் கரண்ட் போனது.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தில் மாஸ்க் இருந்தது. உதடு நீலமாக இருந்தது. அம்மா சுவரோரமாக நின்றாள். காலில் செருப்பு இல்லை. பக்கத்தில் ஆன்ட்டி, அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மா சொன்னாள்:

"நீ சொன்ன மாதிரிதான் கண்ணு செஞ்சேன். பிளக்கை மாத்துனேன். ஓடுச்சு. அப்பறம் நின்னுருச்சு. நானு எதையும் தொடலே."

"தெரியும்மா."

"நானு எதையும் தொடலே" என்று மறுபடி சொன்னாள். ஆன்ட்டி, "இல்லை அக்கா, நீங்கள் எல்லாம் சரியாய்த்தான் செய்தனீங்கள்" என்றார். அன்று அம்மாவுக்கு அது முழுசாகப் புரிந்தது.

டாக்டர் பழைய டாக்டர்தான். இருதயம் அடி வாங்கியிருக்கிறது, நுரையீரலும் இன்னும் கொஞ்சம் போய்விட்டது, இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும் என்றார். மார்ச்சைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்து மேஜைக்கு அடியில் உட்கார்ந்தேன். மீட்டரின் முள் சிவப்புக்கும் கீழே கிடந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் காரணங்களையும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்தேன். ஜங்ஷன் பாக்ஸின் சுவிட்ச் அணைந்திருந்தது; ஆம்புலன்ஸ் அவசரத்தில் யாராவது தட்டியிருப்பார்கள் என்று அதைப் போட்டுவிட்டேன். வயர் தளர்வு இல்லை. சார்ஜர் பழுதில்லை. பேட்டரிக்குள் ஏதோ கோளாறு என்ற ஒன்றுதான் மிஞ்சியது. இரண்டையும் காரில் ஏற்றிக்கொண்டு படகுக் கடைக்குப் போனேன். அவர்கள் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றிச் சோதித்துவிட்டு, பேட்டரி இரண்டும் நன்றாக இருக்கின்றன, சும்மா வற்றிப்போய்த்தான் வந்தன என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கரண்ட் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம்கூட முள் பச்சையில் நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு மாஸ்க்கை எடுத்துவிட்டுக் குழாய் வைத்தார்கள். பேச விட்டார்கள். அம்மா முகம் கழுவப் போயிருந்தாள். அப்பா என்னை விரலால் அருகில் கூப்பிட்டார்.

"கண்ணு, உன்ற கம்ப்யூட்டரு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்கப்பா. ஏன்?"

"கரண்டு போச்சல்ல. அந்தப் பேட்டரி தாங்குச்சா?"

"தாங்குச்சுங்கப்பா."

அவருக்கு மூச்சு வாங்கியது. காத்திருந்து பேசினார். "எனக்கு அதே யோசனை. நானு தெனமும் நீ படுத்தப்பறம் அந்த ஜங்ஷன் பாக்ஸை அணைச்சுருவேன். செவப்பா ஒரு லைட்டு, ராத்திரி பூராவும் முழிச்சுட்டே இருக்கும். ஊரே கரண்டு இல்லாமத் தவிக்குது, நம்ம வீட்டுல சும்மா எரியறதான்னு. இந்த வீட்டுல பிளக்குக்குன்னு இருக்கிற ஒரே சுவிட்சு அதுதான்." லேசாகச் சிரித்தார். "சாயங்காலம் உன்ற கார் சத்தம் கேட்டதும் எந்திரிச்சுப் போயி போட்டு வெச்சிருவேன். நீ வந்து உக்காந்தா ரெடியா இருக்கோணுமல்ல?"

நான் அவருடைய போர்வையைச் சரிசெய்தேன்.

இதுதான் காரணம். இரவும் பகலும் இன்வர்ட்டர் பேட்டரியைத் தின்றது. நான் வீட்டில் விழித்திருந்த அந்தச் சில மணி நேரம் மட்டும் சார்ஜர் நிரப்பியது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்துகொண்டே போயிருக்கிறது. சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் காட்டுவது பேட்டரியின் அளவை அல்ல, சார்ஜரின் அளவை. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற விஷயம். நான் பார்த்த ஒவ்வொரு தடவையும் முள் பச்சையில் நின்றது, ஏனென்றால் நான் வருகிறேன் என்று அவர் எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டிருந்தார்.

"அதுனால ஒண்ணும் ஆகலியே?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணும் ஆகலீங்கப்பா."

"இல்ல, உன்ற ஆபீஸ் வேலை எதாச்சும்..."

"இல்லீங்கப்பா. ஆனா இனிமே அணைக்காதீங்க. ராத்திரியிலயும் அதுல வேலை ஓடிட்டே இருக்கும்."

"அப்படியா? அட, சொல்லியிருந்தா நானு தொட்டிருக்கவே மாட்டேனே கண்ணு." அவர் உண்மையாகவே சங்கடப்பட்டார். "நீ சொல்லவே இல்லையே."

அம்மா வந்தாள். முகம் ஈரமாக இருந்தது. "என்ன பேசிட்டிருக்கீங்க அப்பனும் மகளும்?" என்றாள்.

"கரண்டு பத்தி" என்றார் அப்பா.

அதற்கு முன்னால் அவரிடம் உண்மையைச் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது; அது அம்மாவின் காரணம். அந்த நிமிஷத்திலிருந்து வேறு ஒரு காரணம் வந்துவிட்டது. அது என்னுடையது மட்டும். அந்தப் பெட்டி எதற்கு என்று இனி அவருக்குத் தெரியவே கூடாது.

பிப்ரவரியில் அவரை வீட்டுக்கு அழைத்துவந்தோம். மிஷின் தரும் ஆக்ஸிஜன் அளவை இரண்டு மடங்காகக் கூட்டியிருந்தார்கள். குழாய் இருந்தும் அவர் ஹால் வரை வருவதில்லை. ஜங்ஷன் பாக்ஸின் சுவிட்ச் மேல் நான் டேப் ஒட்டினேன், ஒட்டியிருக்க வேண்டியதில்லை. விசாவை நீட்டிக்க விண்ணப்பித்தேன். மார்ச்சில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, விமானம் இனிப் பேச்சுக்கே இல்லை என்றார். அப்பாவிடம், குளிர் இன்னும் போகவில்லை, சித்திரைக்குப் போகலாம் என்றோம். சித்திரையில், வெயில் அதிகம், ஆடிக் காற்று வரட்டும் என்றோம். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் தேதியை மாற்றி, புதுத் தேதியை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கடைசித் தேதியைக் கொடுத்தபோது வாங்கவில்லை. "நீயே வெச்சுக்க கண்ணு" என்றார். அப்போது அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது.

வசந்தத்தில் எங்கள் குழு எண் மறுபடி வந்தது. இந்த முறை நான் வீட்டில் இருந்தேன். கரண்ட் போனதும் அம்மா பிளக்கை மாற்றினாள். மிஷின் ஓடியது. கரண்ட் திரும்பி வரும்வரை ஓடியது, அதற்குப் பிறகும் பேட்டரியில் மிச்சம் இருந்தது. அம்மாவும் நானும் இருட்டு ஹாலில், பகல் நேரத்திலும் திரைகளை விலக்காமல், அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆன்ட்டி இறங்கி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கரண்ட் போனதே அவருக்குத் தெரியாது.

ஜூனில் இறந்தார். அதே அறையில், காலையில், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

அஸ்தியை அம்மா கைப்பையில் வைத்து மடியிலேயே கொண்டுபோனாள். பவானி கூடுதுறையில் சித்தப்பா கரைத்தார். என் விசா அப்போது மாறிக்கொண்டிருந்ததால், வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். நான் போகவில்லை.

இப்போது நிலவரம் இது. அம்மா பல்லடத்து வீட்டில் இருக்கிறாள். மிஷினை ஆன்ட்டிக்குத் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பேட்டரிகள் என்னிடம் இருக்கின்றன, சார்ஜில் இருக்கின்றன. அன்று ஏன் நின்றது என்று அம்மா கேட்டபோது, பேட்டரி மட்டமான சரக்கு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோனில், பேச்சு எங்கே தொடங்கினாலும் எப்படியோ அங்கே வந்து, அம்மா அந்தக் கடைக்காரனைத் திட்டுகிறாள். நான் ஆமாம் என்கிறேன்.